ஆடுகளம் மூடியிருக்கும் நாட்களில் பயிற்றுநரின் விசுவாசம்: உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்

கேள்வி: பாடசாலைப் பயிற்றுநர், யாழ் நகர் (2020 ஏப்ரல்)

அன்புள்ள பயிற்றுநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 20 ஆம் திகதி மாலை இலங்கை முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்ததிலிருந்து எங்கள் கூடைப்பந்தாட்டத் திடல் பூட்டியே கிடக்கிறது. யாழ்ப்பாணம் அதிக ஆபத்துள்ள மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டிருப்பதால், வேறு இடங்களில் இடையிடையே தளர்த்தப்படும் ஊரடங்கு இங்கு நீடித்துக்கொண்டே போகிறது. உயிர்ப்பு ஞாயிறுத் திருப்பலியையும் இம்முறை வீட்டிலிருந்தபடியே கண்டோம்.

போட்டிக்கு முன்னர் அணியினரோடு வட்டமாக நின்று செபிப்பது என் நெடுநாள் வழக்கம். இப்போது போட்டியும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. அந்தச் செபத்திலிருந்து போட்டியை எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. பயிற்றுநர் என்ற பொறுப்பு கையில் இல்லாத இந்த நாட்களில், விசுவாசத்திலும் குணத்திலும் வளர்வதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். என் அணியில் சைவப் பிள்ளைகள் பாதிப்பேருக்கு மேல்; முஸ்லிம் மாணவன் ஒருவனும் இருக்கிறான். அணியின் வட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் ஒரு வேதவசனத்தைப் பகிரலாமா என எண்ணுகிறேன். அது முறையா?

பதில் 1: ஓய்வுபெற்ற பயிற்றுநர், குருநகர்

தம்பி, உங்கள் முதற் கேள்விக்கு இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே ஒரு பதில் இருப்பதாக நான் நம்புகிறேன். ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் பிறந்து, மொன்றியலில் இறையியல் கற்றவர். பிரசங்க மேடையை விட விளையாட்டின் வழியாகவே இளைஞருக்கு அதிக நன்மை செய்யலாம் என்ற எண்ணத்தோடு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த வை.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். 1891 டிசெம்பரில், கடுங்குளிரால் வெளியே விளையாட வழியின்றி உள்ளேயே அடைபட்டுப் பொறுமையிழந்திருந்த ஒரு வகுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த இளைஞர்களுக்காகவே பழக்கூடைகள் இரண்டையும் 13 விதிகளையும் கொண்டு அவர் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடக்கூடாது, எதிரணியினரை இடிக்கவோ தள்ளவோ கூடாது என்ற விதிகள் முரட்டுத்தனத்தை அடக்குவதற்கென்றே எழுந்தவை. அடைபட்டிருந்தவர்களின் குணத்தைக் கருதிப் பிறந்த ஆட்டத்தைத்தான் நாம் பழக்குகிறோம். பின்னாளில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவருடைய பயிற்றுநர் கணக்கு 55 வெற்றிகளும் 60 தோல்விகளும். அந்தக் கணக்கை வைத்து அவரை இன்று எவரும் அளப்பதில்லை.

எங்கள் தலைமுறைக்கு ஊரடங்கு புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் புறப்பட்டபோது, எந்த மாணவன் எந்த ஊரில் ஒதுங்கினான் என்பதை அறிய எங்களிடம் தொலைபேசிகூட இல்லை. உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் பேசுங்கள். பயிற்சியைப் பற்றிக் கேட்பதற்கு முன், தந்தை கடலுக்கோ கூலி வேலைக்கோ போக முடியாத அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கிராம அலுவலருக்கும் பங்குத்தந்தைக்கும் அறிவியுங்கள். போட்டியை எடுத்துவிட்டால் செபத்தில் எஞ்சுவது அந்தப் பிள்ளைகளின் பெயர்கள்தான்.

வேதவசனத்தைப் பகிர்வதில் தவறில்லை என்பது என் கருத்து. நல்ல சொல் எவரையும் கெடுக்காது.

பதில் 2: பெண்கள் அணியின் பயிற்றுநர், நல்லூர்

ஐயா எழுதியவற்றுள் கடைசி வரியைத் தவிர மற்ற அனைத்தையும் மனமார ஏற்கிறேன்.

நான் சைவப் பெண். அணியைத் தெரிவு செய்பவர் பயிற்றுநர்; யார் களத்தில் நிற்பார், யார் வாங்கிலில் இருப்பார் என்பதை அவரே முடிவு செய்கிறார். அவர் அனுப்பும் வசனத்தை ஒரு மாணவன் விரும்பாவிட்டாலும் "வேண்டாம், சேர்" என்று எழுதமாட்டான். கைகூப்பும் படமொன்றை அனுப்பிவிட்டு இருந்துவிடுவான். நான் தேவாரப் பதிகத்தை அனுப்பினாலும் என் அணியிலுள்ள கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இதே நிலைதான். மறுக்க முடியாதவரிடம் கொடுக்கும் நல்ல சொல், அதைக் கொடுப்பவருக்குத்தான் நிறைவு தரும். கேட்டு வரும் பிள்ளையோடு தனியே எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அந்த முஸ்லிம் மாணவனுக்கு இன்னும் சில நாட்களில் நோன்பு தொடங்கிவிடும். அவனுக்கான வீட்டுப் பயிற்சியைக் குறைத்து, நேரத்தையும் அவனிடமே கேட்டு மாற்றினால், உங்கள் விசுவாசத்தை அவன் அதில் கண்டுகொள்வான்.

என்னைப் பற்றிக் கேட்டால், "சும்மா இரு" என்ற, யாழ்ப்பாணத்துச் சைவ ஞானி யோகர் சுவாமிகளின் உபதேசத்தை நல்லூர்ச் சூழலில் வளர்ந்த நான் சிறுவயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறேன். நாள் முழுதும் விசில் ஊதுவதும் கூப்பிட்டுத் திருத்துவதுமாக இருக்கும் தொழிலில் அதற்கு எங்கே இடம் என்று எண்ணுவதுண்டு. இப்போது மாலையில் விளக்கேற்றித் தேவாரம் பாடிய பின்னர், எழுந்துவிடாமல் சிறிது நேரம் அப்படியே இருக்கிறேன். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையை நினைத்து, ஆட்டத்தைப் பற்றியல்லாமல் அவளோடு கடைசியாக எப்போது பேசினேன் என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சிலரைப் பொறுத்தவரை அதற்கு விடை கிடைக்கவில்லை. மறுநாட் காலை முதல் அழைப்பு அவர்களுக்குத்தான்.

பெண் பிள்ளைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். ஊரடங்கில் அண்ணன்மாருக்கு முற்றம் கிடைக்கிறது. தங்கைமாருக்குச் சமையலறையும் சிறுவர்களைப் பார்க்கும் பொறுப்பும் வந்து சேர்கின்றன. ஒரு பிள்ளைக்குப் பயிற்சி அட்டவணை அனுப்புவதைக் காட்டிலும், அவளுக்கென அரைமணி நேரம் ஒதுக்கும்படி தாயோடு பேசுவது பயன் தருகிறது.

பதில் 3: இளம் பயிற்றுநர், சாவகச்சேரி

அக்கா சொன்னதோடு உடன்படுகிறேன். தனிப்பட்ட வளர்ச்சி பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்காவின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட அணியை 1964 முதல் 1975 வரையான காலத்தில் 10 முறை தேசியப் பட்டம் வெல்லச் செய்த ஜோன் வூடன் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. அங்கு பொறுப்பேற்றது 1948 இல். முதற் பட்டம் கிடைத்தது 16 ஆவது பருவத்தில். போட்டிக்காலம் முடிந்ததும் ஒரே ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி வாசித்தும் பிற பயிற்றுநர்களிடம் கேட்டும் ஆராய்வது அவருடைய வழக்கம். இந்த ஊரடங்கில் நான் எடுத்துக்கொண்ட விடயம், பிழை விட்ட வீரனை உடனே மாற்றியெடுக்கும்போது அவனிடம் என்ன சொல்வது என்பது. இணையத்தில் உத்திகள் குவிந்து கிடக்கின்றன. அவை பிறகும் இருக்கும். நம் வாயிலிருந்து வரும் சொற்களைத் திருத்த இவ்வளவு அவகாசம் மீண்டும் கிடைக்குமா என்பது தெரியாது.

கேள்வியாளர்

மூவருக்கும் நன்றி. வசனத்தைக் குழுவில் பகிரப்போவதில்லை. அக்கா சொன்ன காரணம் எனக்குத் தெளிவாக விளங்குகிறது. ஐயா சொன்னபடி, காலைச் செபத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி மன்றாடிவிட்டு அழைப்பை ஆரம்பிக்கிறேன். ஆனால் இரு மாணவர்களின் வீட்டில் தொலைபேசி இல்லை. இதற்கு என்ன செய்யலாம்?

பதில் 2 எழுதியவர்

அயலில் இருக்கும் அணித்தோழனின் தந்தைக்கு முதலில் பேசிப் பாருங்கள். வேலிக்கு அப்பால் நின்று கேட்டுச் சொல்லக்கூடியவர் ஒருவராவது இருப்பார். அதுவும் சரிவராவிட்டால், மருந்தும் நிவாரணப் பொதியும் கொண்டு செல்ல அனுமதி பெற்றவர்களை உங்கள் கிராம அலுவலர் அறிவார். அவர்களிடம் ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். கடிதத்தில் பயிற்சியைப் பற்றி எழுதாதீர்கள். வீட்டார் நலமா என்று கேட்டு, பதில் எழுதுவதற்கு ஒரு வெற்றுத்தாளையும் உள்ளே வைத்து அனுப்புங்கள்.