விடியற்காலை மூன்று மணிக்குக் கார் ஷெட் கதவு

மண்டபத்திலிருந்து:

மண்டபம் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் கார் ஷெட்டுக்கு நேர் மேலேதான் அம்மாவின் அறை. என் வீட்டுக்காரருக்கு மீன் வியாபாரம். விசைப்படகுகள் கரை திரும்பும் நாளெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கே வண்டியை எடுத்தாக வேண்டும். ஷட்டரைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கினால் தகடுகள் சுருண்டுகொண்டே தடதடவென்று மேலே போகும். அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். 76 வயது. ஒரு தடவை தூக்கம் கலைந்தால் அப்புறம் விடியும்வரை கண் மூடாது. அவர் தலைமாட்டில் தரையில் வைத்திருக்கும் தண்ணீர்ச் செம்பின் மூடி அந்த அதிர்வில் கிணுகிணுவென்று அடிக்கும். நானே பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

மோட்டார் போட்டால் சத்தம் குறையும் என்று நினைத்தோம். ஒரு கடையில் சொன்னதை நம்பி, அதே ஷட்டருக்குப் பக்கவாட்டில் சங்கிலி மோட்டார் மாட்டினோம். கை வலி போனது, சத்தம் கூடியது. தகடு ஏறி இறங்கும் பக்கச் சானலில் உரசுகிற சத்தம் அப்படியே இருந்தது. அதோடு சங்கிலி சத்தமும் மோட்டாரின் உறுமலும் சேர்ந்துகொண்டன. சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரிந்தது. செலவழித்த பணத்தை விட, அன்றைக்கு அம்மா "பரவாயில்லம்மா, பழகிக்கிறேன்" என்று சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன்பிறகு ராமநாதபுரத்திலிருந்து வேறொரு மிஸ்திரி வந்து பார்த்தார். மோட்டாரைக் குறை சொல்லவே இல்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு, ஷட்டரைக் கையால் பாதி தூக்கி, கையை எடுத்தார். தடாலென்று கீழே இறங்கியது. "கதவோட பாரம் முழுக்க மோட்டார் மேல இருக்கு, அது கத்தத்தான் செய்யும்" என்றார். அவர் சொல்லித்தான் ஷட்டரைக் கழற்றிவிட்டு, நாலைந்து பலகைகளாக மடிந்து கூரையை ஒட்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் கதவுக்கு மாறினோம். மேலே ஸ்பிரிங் சுற்றிய கம்பி இருக்கிறது. கதவின் பாரத்தை அதுதான் தாங்குகிறது. மாட்டி முடித்ததும் மோட்டாரை இணைப்பதற்கு முன்னால் கதவை என் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கையை எடுத்துவிட்டார். அது அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. என்னையும் ஒரு விரலால் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தூக்கினேன்.

மோட்டார் பெல்ட் வகை. சங்கிலிக்குப் பதிலாக உள்ளே இழை வைத்த ரப்பர் பெல்ட் இழுப்பதால் இரும்போடு இரும்பு மோதுவதில்லை. டிசி மோட்டார் என்பதால் மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கிறது. முன்பு கதவு மூடும்போது கடைசியில் வருமே ஒரு 'டங்', அது அறவே இல்லை. மோட்டாரை நேராகத் தளத்தில் முடுக்காமல், தொங்கவிடும் ஆங்கிளுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் தடித்த ரப்பர் கட்டை வைத்தார்கள். மேலே அறை உள்ள வீட்டில் இதை விட்டுவிடாதீர்கள். எங்களுக்கு பீம் கொஞ்சம் தாழ்வு. கதவுக்கு மேலே சுமார் ஒரு அடி இடம் கேட்டார்கள், ஒன்றரை அங்குலம் குறைந்தது. அதற்கென்று இருக்கும், கதவு ஓடுகிற தாழ்வான தண்டவாளம் போட்டுச் சமாளித்தார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

மண்டபம் அக்கா எழுதியது எங்கள் வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது. கடல் செய்த வேலையை மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன்.

வாப்பா துபாயிலிருந்து வரும்போது மோட்டாரைக் கையோடு கொண்டுவந்தார். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் ஏறக்குறைய நம்முடையதேதான், அதனால் ஓடியது. (அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் கவனம், அது 120 வோல்ட்.) முதல் ஆறு மாதம் சத்தமே இல்லை. வாடைக்காற்று ஆரம்பித்தது, கதவைத் தாங்கித் தண்டவாளத்தில் ஓடும் ரோலர்கள் கிறீச்சிடத் தொடங்கின. எல்லாம் சாதா இரும்பு ரோலர். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு தெருதான். உப்புப் படிந்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது, வெயில் நாளிலும் இரும்பு நனைந்தே கிடக்கிறது.

அங்கேதான் இரண்டு தப்பு செய்தேன். தண்டவாளத்துக்குள் கிரீஸை அள்ளிப் பூசினேன். பறந்து வந்த மணலெல்லாம் அதில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்ப்பது போல ஆகிவிட்டது. அடுத்தது, உப்பைக் கழுவுகிறேன் என்று போர் தண்ணீரை அடித்தேன். நம் ஊர் போர் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். காய்ந்ததும் கதவு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. உம்மாதான் பார்த்துவிட்டு, "உப்பைக் கழுவ உப்புத் தண்ணியா?" என்று கேட்டார்.

இப்போது எல்லாம் நைலான் ரோலர், பேரிங் மூடியது. ரோலரை மட்டும் மாற்றியதிலேயே பாதி சத்தம் போய்விட்டது, மோட்டார் பழைய சங்கிலி மோட்டாரேதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயில் வரும் காவிரிக் குடிநீரில் துணியை நனைத்துத் துடைக்கிறேன். தண்டவாளத்தைத் துடைப்பதோடு சரி, எதுவும் பூசுவதில்லை. கீல், ஸ்பிரிங், பேரிங் இவற்றுக்கு மட்டும் சிலிகோன் ஸ்பிரே. போல்ட்டுகளை 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்கினேன். 304 ரகம் கடலோரத்தில் சீக்கிரமே டீக்கறை போலப் பழுத்துவிடும்.

பாம்பனிலிருந்து:

நான் எலக்ட்ரீஷியன். மோட்டார் மாட்டச் சொல்லி வருகிறவர்களிடம் நம் பாம்பன் பாலத்தைத்தான் காட்டுவேன். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பலுக்கு வழிவிடும் தூக்குப் பகுதியை ஆட்கள் கையால்தான் சுற்றித் திறந்தார்கள். அவ்வளவு இரும்பை மனிதக் கை தூக்குமா? தூக்காது. எதிர்ப்பக்கம் எடை வைத்துச் சமன் செய்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. அதற்கு மோட்டார் இருக்கிறது, எதிர் எடையும் இருக்கிறது. உங்கள் கார் ஷெட்டில் அந்த எதிர் எடை வேலையைச் செய்வது ஸ்பிரிங். ஸ்பிரிங் சரியாக இருந்தால் சின்ன மோட்டார் போதும், சின்ன மோட்டார் சத்தம் போடாது. ஸ்பிரிங் தளர்ந்த கதவுக்குப் பெரிய மோட்டார் போட்டால் சத்தமும் பெரிதாகும், பல்சக்கரமும் தேயும். ஆகவே கடையில் மோட்டாருக்கு எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பதற்கு முன்னால் கதவு எத்தனை கிலோ, அதற்கு எந்த ஸ்பிரிங் என்று கேளுங்கள்.

சாதாரண ஸ்பிரிங்குக்கு 10,000 தடவை திறந்து மூடுவது என்று கணக்கு. தினம் நாலு தடவை என்றால் ஏழு வருஷத்துக்குள் முடிந்துவிடும். துரு ஏறினால் அதற்கும் முன்னாலேயே. ஒரு நாள் வெடிச்சத்தம் மாதிரி கேட்டு, அப்புறம் மோட்டார் முக்கிக்கொண்டு நின்றால் ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்று அர்த்தம். பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள். ஸ்பிரிங்கை முறுக்குகிற வேலையை வீட்டில் யாரும் செய்யவே கூடாது. முறுக்கிய கம்பி கை நழுவினால் எலும்பை உடைக்கும், இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் தங்கச்சி, உங்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். அதை இழுத்தால் கதவு மோட்டாரை விட்டுக் கழன்று கைக்கு வந்துவிடும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு அதுதான் வழி. கதவு மூடியிருக்கும்போது இழுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை வந்தால் நம் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாக அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, அதை இழுத்துக் காட்டி வையுங்கள்.

தொண்டியிலிருந்து:

எங்களுக்குக் கதவையே மாற்ற வசதி இல்லை. ஷட்டரை வைத்துக்கொண்டே, சுருளும் குழாய்க்குள்ளேயே அடங்கும் குழல் மோட்டார் போட்டோம். வெளியில் சங்கிலி கிடையாது. சானலின் இரண்டு பக்கமும் பிரஷ் பட்டை ஒட்டினோம். அக்கா வீட்டுக் கதவு அளவுக்கு அமைதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை இப்போது எழுவதில்லை. இந்த வகை மோட்டார்கள் பெரும்பாலும் தொடர்ந்து நாலு நிமிஷம்தான் ஓடும், அதற்குமேல் சூடேறித் தானே நின்றுவிடும். பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடி நிறுத்திவிட்டு, கெட்டுப்போச்சு என்று அழுதார்கள். அரை மணி நேரம் விட்டதும் ஓடியது.

சத்தம் குறைந்த கதவுக்கு, இறங்கும்போது குறுக்கே யாராவது வந்தால் கதவைத் தடுக்கும் சென்சார் இன்னும் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. தடதடவென்று இறங்கிய காலத்தில் பிள்ளைகள் தாமாகவே விலகினார்கள். இப்போது இறங்குவதே தெரிவதில்லை. அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கதவு மோட்டார்களில் இப்படி ஒரு தடுப்புப் பாதுகாப்பு சட்டப்படி இருந்தாக வேண்டும். நாம் கேட்டால்தான் மாட்டுகிறார்கள். தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்லுங்கள், தவழும் குழந்தையும் பூனையும் அந்த உயரம்தான்.

மண்டபத்திலிருந்து:

பாம்பன் அண்ணே, நேற்று சாயங்காலமே சிவப்புக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டோம். கதவு மூடியிருக்கும்போதுதான் இழுத்தோம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் ஒரு கையால் தூக்கினாள். தொண்டி தங்கச்சி, நீ சொன்னதும் சென்சாரை அளந்தேன், 30 சென்டிமீட்டரில் இருந்தது. மிஸ்திரி சனிக்கிழமை வந்து இறக்கி வைக்கிறேன் என்றிருக்கிறார். வரும்போது ஒன்றரை அங்குலக் கட்டையைத் தரையில் படுக்க வைத்து, கதவு அதைத் தொட்டதும் திரும்பி மேலே போகிறதா என்றும் பார்க்கச் சொல்லப் போகிறேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, மூடி அசைவதில்லை. இன்று காலை காபி கொண்டுபோனபோது, "மாப்பிள்ளை இன்னுமா கிளம்பல, நேரமாகலையா?" என்று கேட்டார். அவர் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது.