சிக்கிமுக்கிக் கல்லும் என் பின் டயரும்: 200 மைல் கிராவல் பந்தய அனுபவங்கள்

மண்பாதை (டாலஸ்)

"குலுக்கலில் இடம் கிடைத்துவிட்டது, அன்பவுண்டுக்கு என்ன டயர் போடலாம்?" என்று போன வாரம் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு டயர் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். 2023-ல் எனக்கும் ஒருவர் அப்படித்தான் ஒரே வரியில் சொன்னார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக: அன்பவுண்ட் கிராவல் என்பது கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரில் நடக்கும் மண்சாலைச் சைக்கிள் பந்தயம். 2006-ல் 34 பேர் ஓட்டியதில் ஆரம்பித்தது, இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 25 மைலிலிருந்து 350 மைல் வரை பல தூரங்கள் உண்டு. பேர் வாங்கியது 200 மைல்தான், அதாவது சுமார் 320 கிலோமீட்டர். ஊரைச் சுற்றிலும் ஃபிளின்ட் ஹில்ஸ். ஃபிளின்ட் வேறொன்றுமில்லை, பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஆதிமனிதன் உரசி நெருப்புப் பற்றவைப்பானே, அந்தச் சிக்கிமுக்கிக் கல். இந்தக் கல் இருந்ததால்தான் அங்கே கலப்பை இறங்கவில்லை. அமெரிக்காவில் மிச்சமிருக்கும், ஆளுயரப் புல் வளரும் புல்வெளியில் பெரும்பகுதி அங்கேதான் பிழைத்துக் கிடக்கிறது. ஜூன் தொடக்கத்தில் பார்க்க வேண்டும், கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. அந்தப் பச்சையைக் காப்பாற்றிக் கொடுத்த கல்தான் நம் டயரைக் கிழிப்பது. அம்புமுனை செய்ய எடுத்த கல் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள்.

நான் அப்படிப் போகவில்லை. எடையைப் பார்த்துப் போனேன். 40 மி.மீ. டயர், வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறைத் தராசில் வைத்தால் 430 கிராம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இவ்வளவு மெல்லிசா இருக்கே, தாங்குமா?" என்றாள். பந்தயக்காரர்கள் போடுகிற டயர் என்று பெருமையாகச் சொன்னேன்.

2023-ல் ஓட்டியவர்கள் எல்லாரும் முதலில் சேற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். தொடங்கிப் பத்துப் பதினோரு மைலிலேயே களிமண் சேறு. வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று அங்கே அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றினால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு நின்றுவிடும். அதற்கு மேலும் பெடலை அழுத்தியவர்களின் பின் கியர் அப்படியே முறுக்கிக்கொண்டு ஸ்போக்கில் போய் மாட்டியதை என் கண்ணால் பார்த்தேன். நான் தப்பித்ததற்குக் காரணம் புத்திசாலித்தனம் இல்லை, பயம். இறங்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஓரத்துப் புல்லில் நடந்தேன். பின் சட்டைப் பையில் பெயின்ட் கலக்கும் மரக்குச்சி ஒன்று இருந்தது. முதல் நாள் ஒரு பெரியவர் "இதை வைத்துக்கொள்" என்று கையில் திணித்தபோது கிண்டல் என்று நினைத்தேன். அன்று நான் கொண்டுபோன சாமான்களிலேயே அதிகம் பயன்பட்டது, அப்பிய சேற்றைச் சுரண்டி எடுக்க உதவிய அந்தக் காசில்லாத குச்சிதான்.

சேறு முடிந்து நல்ல சாலை வந்ததும் இழந்த நேரத்தைப் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் விட்டேன். அறுபதாவது மைல் சுமாருக்கு 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கெண்டைக்காலில் ஜில்லென்று சீலன்ட். என் டயர் டியூப்லெஸ், உள்ளே டியூப் கிடையாது, ஓட்டையை அடைக்க ஊற்றி வைக்கும் திரவம்தான் சீலன்ட். பின் டயரின் பக்கச்சுவரில் கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு வெட்டு. நடுவில், தரையைத் தொடும் பகுதியில் ஓட்டை விழுந்தால் ரப்பர் பிளக் பிடித்துக்கொள்ளும், அங்கே கனம் உண்டு. பக்கச்சுவரில் பிளக்குக்குப் பிடிமானமே கிடையாது. இரண்டு சொருகினேன், இரண்டும் காற்றோடு வெளியே வந்தன.

சரி, டியூப் போடலாம். டியூப் போட முதலில் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். அதன் அடியில் இருக்கும் சின்ன நட்டு, பழைய சீலன்ட் காய்ந்து ரிம்மோடு ஒட்டிப் போயிருந்தது. விரலால் திருகினேன். சட்டையைச் சுற்றித் திருகினேன். கடைசியில் பல்லால் கடித்துத் திருப்பினேன். ஈறில் ரத்தம் வந்தது, நட்டு வரவில்லை. அரை மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு பெண் சின்ன பிளையர் கொடுத்தார். ஐந்து விநாடி வேலை. டியூப் போட்டு ஆறு மைல் போனதும் வெட்டு வழியாக டியூப் பிதுங்கி அதுவும் வெடித்தது. உள்ளே அண்டக் கொடுக்க ஒரு துண்டு பழைய டயர் வைத்திருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருப்பேன். வழியில் சாப்பிட்ட எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் காலி உறையை மடித்து வைத்து, இருந்த ஒரே இன்னொரு டியூபைப் போட்டு, நடக்கிற வேகத்தில் செக்பாயிண்ட் வரை போய் அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

டயர் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன், பெயரும் வேண்டாம். பந்தயக்காரர்கள் போடுவது என்று சொன்னது பொய்யும் இல்லை. 2024-ல் லாக்லன் மார்டன் ஜெயித்தபோது எடுத்த நேரம் 9 மணி சொச்சம். நானும் அதே வருஷம் திரும்பப் போய் முடித்தேன், 16 மணி 20 நிமிஷம். அவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியே இருப்பார், நான் அப்போதும் கல்லில் உருண்டுகொண்டிருக்கிறேன். பதின்மூன்றாம் மணி நேரத்தில் என்னால் கல்லைப் பார்த்து ஒதுங்கி ஓட்ட முடிவதில்லை. கண் பார்க்கும், கை கேட்காது. எந்தக் கல் வந்தாலும் நேராக அதன் மேலேயே ஏறுவேன். அந்த நேரத்து நான் ஓட்டுவதற்குத்தான் டயர் வாங்க வேண்டும் என்பது எனக்குப் பல்லில் ரத்தம் வந்த பிறகுதான் புரிந்தது.

இரண்டாவது தடவை போட்டது 45 மி.மீ., பக்கச்சுவர் தடித்த ரகம், ஒன்று 540 கிராம். என் எடை 74 கிலோ, காற்று முன்னால் 30 பிஎஸ்ஐ, பின்னால் 33. சேறு அந்த அளவுக்கு இல்லை. பின் டயர் நடுவில் ஒரே ஒரு ஓட்டை, பிளக் ஒன்று சொருகி இரண்டு நிமிஷத்தில் கிளம்பிவிட்டேன்.

ரெண்டாம்கியர் (மினியாபோலிஸ்)

அண்ணா, பல் கதை படித்து என் பல்லும் கூசிவிட்டது. ஆனால் "தடித்த டயர் போடு" என்று சொன்னதோடு விட்டுவிட்டீர்கள், அகலத்தைப் பற்றி என் பங்குக்கு ஒரு சூடுபட்ட கதை.

கிராவல் பந்தயக்காரர் டிலன் ஜான்சனின் காணொளிகளைப் பார்த்துவிட்டு மவுன்டன் பைக் டயர் பைத்தியம் பிடித்தவர்களில் நானும் ஒருவன். அவர் சொல்வதில் தவறில்லை. கான்டினென்டல் ரேஸ் கிங், ஷ்வால்பே தண்டர் பர்ட் மாதிரி மேலே இருக்கும் ரப்பர் முட்டுகள் குட்டையான 2.1, 2.2 இஞ்ச் டயர்கள் கரடான சாலையில் உண்மையாகவே சுகமாக உருளும். அகலமான டயர், குறைந்த காற்று, அதிர்வை டயரே வாங்கிக்கொள்ளும். இடுப்புக்கும் மணிக்கட்டுக்கும் நல்லது.

சிக்கல் என் ஃபிரேமில். அதற்கு அதிகபட்சம் 45 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். 2.1 இஞ்ச் என்றால் 53 மி.மீ. நெருக்கிப் போட்டுப் பார்த்தேன், சுற்றியது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, "போதும்" என்று சொல்லிக்கொண்டேன். 100 மைல் போய்விட்டு வந்து கழுவினால், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஃபிரேமின் கார்பனில் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. ஈரமண் போய் இடுக்கில் உட்கார்ந்து, டயர் சுற்றச் சுற்ற உப்புத்தாள் மாதிரி அரைத்திருக்கிறது. விரலால் தடவினால் நார் கையில் குத்தியது. ஃபிரேமைச் சரிபார்க்க ஆன செலவில் நாலு ஜோடி டயர் வாங்கியிருக்கலாம்.

இன்னொன்று, டயரில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள். உட்புறம் 25 மி.மீ. அகலமான ரிம்மில் ஏற்றினால் 45 என்று போட்டது 47 ஆக விரியும். காற்றடித்து ஒரு நாள் விட்டுவிட்டு வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டராவது காலியாக இல்லையென்றால் நான் இனிமேல் ஏறமாட்டேன்.

கீல்டர்க்குளிர் (லண்டன்)

எங்கட பக்கத்துக் கதை வேற. இங்கிலாந்தின் வடக்கே, ஸ்கொட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் கீல்டர் காடு. அங்கே ஏப்ரலில் டேர்ட்டி ரீவர் என்று 200 கிலோமீட்டர். மரம் ஏற்றும் லொறிகளுக்குப் போட்ட காட்டுப் பாதைகள், கூரான கல் இருந்தாலும் கான்சஸ் அளவுக்கு இல்லை. காட்டுக்குள்ளே போன பிறகு கைபேசி சிக்னலை மறந்துவிடவேணும்.

எனக்கு டயர் ஒன்றும் ஆகவில்லை. பிரேக்தான் போச்சு. விடிய வெளிக்கிட்டதிலிருந்து மழை, அரைத்த கல்மாவு மாதிரி ஒரு சாம்பல் நிறக் குழம்பு சக்கரத்தில் இருந்து டிஸ்க்கில் அடித்துக்கொண்டே இருந்தது. போட்டிருந்தது சத்தம் போடாத மென்மையான ரெசின் பிரேக் பேட், அதுவும் புதிது. 130 கிலோமீட்டரில் ஒரு இறக்கத்தில் பிடித்தால் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். பேட் முழுக்கத் தேய்ந்து பின்தகடு டிஸ்க்கில் முட்டுது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு காலைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தேன். சப்பாத்தின் அடியைப் பார்த்து வீட்டில் அம்மா "இது என்னடா மோனை" என்று கேட்டா.

மழை என்றால் உலோகம் கலந்த பேட் போடுங்கோ. கத்தும், கத்தட்டும். ஒரு ஜோடி கூடவும் கொண்டு போங்கோ, தீப்பெட்டியை விடச் சின்னது.

குளிரில் இன்னொரு விஷயம். விரல் விறைத்தால் சின்ன மூடியைத் திறக்க ஏலாது. பிளக் கருவியை ஊசியில் ரப்பரைக் கோர்த்தபடியே, கையுறையோடு எடுக்கக்கூடிய மாதிரி ஃபிரேமில் கட்டி வையுங்கோ. பைக்குள் பைக்குள் பை என்று வைத்தால் அதைத் தேடும் நேரத்தில் காற்றெல்லாம் போய்விடும்.

புதுச்சக்கரம் (ஆஸ்டின்)

கேள்வி கேட்ட தம்பி நான்தான். எல்லாருக்கும் நன்றி, பயமும் கூடிவிட்டது. இரண்டு சந்தேகம். டயருக்குள் நுரைப் பட்டை, அந்த இன்சர்ட், போடலாமா? பம்ப் வேண்டுமா, காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு கேஸ் குப்பி போதுமா? கூடவே சாப்பாடு, தண்ணீர் எப்படி என்றும் சொல்லுங்கள்.

மண்பாதை (டாலஸ்)

தம்பி, இன்சர்ட் ரிம்மைக் காப்பாற்றும். கல்லில் மோதி ரிம் நசுங்குவது, டயர் ரிம்மில் கடிபடுவது இதற்கெல்லாம் நல்லது. பக்கச்சுவரில் கத்தி மாதிரி இறங்கும் வெட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அப்படி வெட்டுப்பட்டு டியூப் போட வேண்டி வந்தால், சீலன்டில் ஊறிய அந்தப் பாம்பை வெளியே இழுத்து எங்கே வைப்பாய்? கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். 80 கிலோவுக்கு மேல் எடை, கண்மூடித்தனமாக இறக்கத்தில் விடுவேன் என்றால் யோசி. இல்லையென்றால் அந்தக் கனத்தை டயரின் பக்கச்சுவருக்கே கொடுத்துவிடு.

பம்ப் கட்டாயம். கேஸ் வேகம்தான், ஆனால் இரண்டு குப்பி தீர்ந்தால் தீர்ந்தது. சில சீலன்ட் அந்தக் குளிர் வாயு பட்டு உள்ளேயே கட்டியாகிவிடும். நான் இரண்டு குப்பியும் ஒரு கைப்பம்பும் கொண்டு போகிறேன். டியூப் இரண்டு, உள்ளே அண்டக் கொடுக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்று, சங்கிலி இணைப்பு ஒன்று, பின் கியரை ஃபிரேமில் மாட்டும் ஹேங்கர் என்ற துண்டு ஒன்று. ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், கடையில் போய்க் கேட்டால் உடனே கிடைக்காது, இப்போதே வாங்கி வை.

சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், டெக்சஸ் வெயிலில் இன்னும் சீக்கிரம். பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் சக்கரத்துக்கு 90 மில்லி புதிதாக ஊற்றிக் காதருகே வைத்து ஆட்டிப் பார், குலுங்குவது கேட்க வேண்டும்.

தண்ணீருக்கு முதுகில் 2 லிட்டர் பை, ஃபிரேமில் இரண்டு பாட்டில். சாப்பாட்டைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அமெரிக்கர்கள் தசைப்பிடிப்புக்கு ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். நான் அம்மா அனுப்பிய உப்பு நார்த்தங்காயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஹேண்டில்பார் பையில் போட்டு வைத்திருந்தேன். எட்டு மணி நேரம் இனிப்பு ஜெல்லாகத் தின்று நாக்கு செத்துப் போயிருக்கும்போது அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் உயிர் திரும்பி வரும். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர் என்ன அது என்று கேட்டு ஒன்று வாங்கினார். அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது, ஆனால் அடுத்த செக்பாயிண்டில் வந்து இன்னொன்று கேட்டார்.

விளக்கு மறக்காதே. அங்கே ஜூன் தொடக்கத்தில் சூரியன் மறைவது இரவு 8:45 சுமாருக்கு. காலை 6 மணிக்குக் கிளம்பி அதற்குள் வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கடைசியாக ஒன்று, இன்று ராத்திரியே உன் வால்வு நட்டு இரண்டையும் வெறும் விரலால் கழற்றிப் பார்.

புதுச்சக்கரம் (ஆஸ்டின்)

பார்த்தேன் அண்ணா. முன்னது வந்தது. பின்னதற்குப் பிளையர் எடுத்தேன்.