மழையில் நின்று வேலை செய்பவர்களுக்கான பூட்ஸ்: எங்கள் அனுபவங்கள்

கூடலூரிலிருந்து, சாலைப்பணி மேற்பார்வையாளர்:

தடுப்புச் சுவர், வடிகால் வேலைகளைக் கூடலூர், பந்தலூர் பக்கம் பார்த்து வருகிறேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை எங்கள் ஆட்களின் கால் காய்வதே அரிது. விரலிடுக்கில் தோல் ஊறி வெளுத்து, பிளந்து, சேற்றுப்புண்ணோடு கருங்கல் சுமப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

"எஸ் 3 என்று போட்டிருக்கிறது, தண்ணீர் புகவே புகாது" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எஸ் 3 என்பது பாதுகாப்பு பூட்ஸின் ஒரு வகைக் குறி. பாதுகாப்பு பூட்ஸுக்கான உலகத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345இலும், அதை ஒட்டிய நம் இந்தியத் தரமான ஐ.எஸ். 15298இன் இரண்டாம் பகுதியிலும் விரல் பகுதியின் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும்; எஸ் 3 என்றால் அதோடு ஆணி ஏறாத அடிப்பாகமும் பள்ளமேடான சோலும் இருக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை எஸ் 3 சோதிப்பது மேல்தோலை மட்டுமே, தையலையும், லேஸுக்கு அடியிலுள்ள நாக்கு சேரும் இடத்தையும் அல்ல. முழு பூட்ஸும் தண்ணீருக்குத் தாங்க வேண்டுமென்றால் டபிள்யூ.ஆர். என்ற குறியைத் தேட வேண்டும். ஐ.எஸ்.ஓ. தரத்தின் 2022 திருத்தத்தில் இதற்கென்றே எஸ் 6, எஸ் 7 என்ற வகைகளைச் சேர்த்திருக்கிறார்கள்.

மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒரு ஜோடியை மாதிரிக்கு வாங்கி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மிதக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்து, லேஸின் இரண்டாம் துளை மூழ்கும் அளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்துவது எங்கள் வழக்கம். தாளை வெளியே எடுத்தால், எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பெரும்பாலும் நாக்கின் இரு ஓரங்களில்தான் ஈரம் தெரியும். நாக்கைப் பக்கத் தோலோடு மேல்வரை மடிப்பு வைத்து இணைத்திருக்கும் பூட்ஸ் இதில் தேறிவிடுகிறது.

முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி வாய்க்கால் தோண்டுபவருக்குத் தோல் பூட்ஸ் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் பயன்படாது, ஏனென்றால் தண்ணீர் மேல்வாய் வழியாகவே இறங்கிவிடும். அவருக்கு உயரமான ரப்பர் பூட்ஸான கம்பூட்ஸ்தான் பொருத்தம். ஆனால் சந்தையில் கிடைக்கும் சாதாரணக் கம்பூட்ஸில் விரல் கவசம் கிடையாது. கல் விழும் இடத்தில் அது ஆபத்து. எஸ் 5 என்று குறித்த கம்பூட்ஸில் கவசமும் ஆணி தடுக்கும் தகடும் இருக்கும்.

இன்னொன்று, தயாரித்த தேதி. ஒருமுறை ஒப்பந்ததாரர் மலிவாகக் கொண்டுவந்த பூட்ஸ் பெட்டி பிரிக்காத புதுச் சரக்குதான். ஆனால் முதல் வாரத்திலேயே சோல் நனைந்த ரஸ்க் போல உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைச் சோல், குறிப்பாகப் பாலியெஸ்டர் வகை, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதையும். காலில் போடாமல் கிடங்கில் வைத்திருந்தாலும், வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் இது விரைவாகவே நடக்கும். நாக்கின் உட்புறத்திலோ சோலிலோ ஆண்டு, மாதம் அச்சிட்டிருக்கும். பழைய சரக்கென்றால் எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து, தார்ச்சாலைப் பணியாளர்:

அண்ணன் சோலைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாங்கள் விரிக்கும் தார்க்கலவை 150 டிகிரி அளவில் சுடும், அடுத்த ஒரு மணி நேரத்தில் மழையும் கொட்டும். பாலியூரித்தேன் சோல் அந்தச் சூட்டில் இளகிவிடுவதால், சூடு தாங்கும் சோலுக்கான எச்.ஆர்.ஓ. குறியுள்ள ரப்பர் சோலைத்தான் நாங்கள் கேட்டு வாங்குகிறோம். அது 300 டிகிரியில் ஒரு நிமிடம் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. தண்ணீர் புகாத பூட்ஸில் வியர்வையும் எளிதில் வெளியேறாது என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு ஜோடி வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் போடுவதும், கழற்றியவுடன் உள்தட்டை வெளியே எடுத்துத் தாள் திணித்து மின்விசிறிக் காற்றில் வைப்பதும் எங்கள் விடுதியில் பழக்கம். அடுப்பருகே வைத்து உலர்த்தினால் தோல் இறுகி, மடிப்பில் வெடித்துவிடும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி கலந்தது எவ்வளவோ மேல்.

வால்பாறையிலிருந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள்:

அம்மா கொழுந்து பறிக்கும் சரிவில் அட்டைக்கும் சேற்றுக்கும் கம்பூட்ஸ் இல்லாமல் முடியாது. ஆனால் பெண்களுக்கும் ஆண்களின் அளவே வருகிறது. 4ஆம் எண் காலுக்கு 6ஆம் எண் பூட்ஸ் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலெழும்பி, கணுக்கால் உரசிப் புண்ணாகிறது; ஈரச் சரிவில் இறங்கும்போது கால் முன்னோக்கி வழுக்குகிறது. இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்கச் சொல்வது தீர்வாகாது. நீங்கள் மேற்பார்வையாளராக இருந்தால், பூட்ஸுக்குச் சொல்லும் முன்பே பெண்களின் கால் அளவையும் மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, எடுத்து எண்வாரியாக எழுதிக் கொடுங்கள். சிறிய எண்கள் கடையில் இல்லையென்றாலும் தயாரிப்பாளரிடம் கேட்டு வரவழைக்கச் சொல்லுங்கள்.