வெளியீட்டுக்கு முன்பே மின்பிரதி கேட்டுப் பெற்ற அனுபவங்கள்

தொடக்கப் பதிவு, சென்னை

ஆங்கிலப் புனைகதைகளைப் பற்றி ஆறு ஆண்டுகளாக வலைப்பூவில் எழுதி வருகிறேன். ஒரு புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே மதிப்புரை எழுதுவோருக்குப் பதிப்பகங்கள் தரும் மின்பிரதியை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று இங்கே பலரும் கேட்டிருக்கிறீர்கள். வழிமுறையை மட்டும் சொல்வதானால் பத்து வரியில் முடிந்துவிடும். நெட்கேலி அல்லது எடல்வைஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்களைப் பற்றிய குறிப்பை எழுதி, வேண்டிய புத்தகத்துக்கு விண்ணப்பித்தால் போதும். கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பதிப்பகம் முடிவு செய்யும். ஆனால் முதல் ஆண்டில் நான் செய்த ஒரு தவற்றையும், அதைச் சரிசெய்ய எனக்கு எட்டு மாதங்கள் பிடித்ததையும் சொன்னால்தான் புதியவர்களுக்கு உண்மையான பயன் இருக்கும் என்று நம்புகிறேன்.

கணக்குத் தொடங்கிய அன்றிரவு, கண்ணில் பட்ட அட்டைகளுக்கெல்லாம் ஆசைப்பட்டு முப்பது புத்தகங்களுக்கு விண்ணப்பித்தேன். புதியவளான எனக்கு இரண்டு மூன்று கிடைத்தாலே பெரிது என்று எண்ணியிருந்தேன். இரண்டு வாரத்துக்குள் பதினான்கு புத்தகங்களுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஒவ்வொரு மின்னஞ்சலைத் திறந்தபோதும் ஏற்பட்ட மகிழ்ச்சியில், ஒப்புதல் என்பது நான் ஏற்றுக்கொண்ட ஒரு வேலை என்பதை யோசிக்கவே இல்லை. மூன்று மாதம் கழிந்தபோது மூன்று புத்தகங்களுக்குத்தான் மதிப்புரை எழுதியிருந்தேன்.

நெட்கேலியில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு விகிதம் உண்டு. ஒப்புதல் பெற்ற புத்தகங்களில் எத்தனைக்குக் கருத்து அனுப்பியிருக்கிறோம் என்பதன் கணக்கு அது. 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தத் தளமே பரிந்துரைக்கிறது. பதினான்கில் மூன்று என்றால் 21 விழுக்காடு. நாம் அடுத்த புத்தகத்துக்கு விண்ணப்பிக்கும்போது பதிப்பகத்தாரின் திரையில் நம் குறிப்புடன் இந்த எண்ணும் சேர்ந்தே தெரியும். அதற்குப் பிறகு நான் கேட்ட எதுவும் கிடைக்கவில்லை என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதைவிட என்னைக் கலங்கவைத்தது கோப்புகள் காலாவதியானதுதான். அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் வழியாக இறக்கிய கோப்பு 55 நாளில் திறக்காமல் போய்விடும். இது தவிர, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது தளத்திலிருந்து விலக்கப்படும் நாள் ஒன்று உண்டு. அந்த நாளுக்குப் பின் இறக்கவே முடியாது. அந்தத் தேதி புத்தகத்தின் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தும் நான் பார்க்கத் தவறிவிட்டேன். மீதமிருந்த பதினொன்றில் ஆறு புத்தகங்கள் இப்படிக் கைநழுவின. ஒன்றில் பாதிக்கு மேல் படித்திருந்தேன். கதாநாயகி தன் தாயின் வீட்டுக் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு உறங்கப் போனேன். மறுநாள் காலை அந்தக் கோப்பு திறக்கவில்லை.

ஆனால் ஒரு வழி இருந்தது. புத்தகம் தளத்திலிருந்து விலகிவிட்டாலும் ஒப்புதல் பெற்றவர் பின்னாளில் கருத்து அனுப்பலாம். எனவே புதிதாகக் கேட்பதை அடியோடு நிறுத்தினேன். கையிலிருந்த ஐந்தைப் படித்து எழுதி முடித்தேன். காலாவதியான ஆறில் இரண்டு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கிடைத்தன, மூன்றை விலை கொடுத்து வாங்கினேன், ஒன்று மட்டும் எங்கும் அகப்படவில்லை. பதினான்கில் பதின்மூன்று என்று ஆனபோது விகிதம் 93 விழுக்காட்டைத் தொட்டது. நான் கேட்டதால் கொடுத்தவர்களுக்கு நான் பட்டிருந்த கடன் அது என்பதால், அந்த மூன்று புத்தகங்களுக்குச் செலவழித்த பணத்தை எண்ணி நான் ஒருபோதும் வருந்தியதில்லை.

அந்த எட்டு மாதத்தில் என்னைப் பற்றிய குறிப்பையும் மாற்றி எழுதினேன். பழைய குறிப்பில் ‘புத்தகங்களே என் உலகம்’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எந்த வகைப் புத்தகங்களைப் படிக்கிறேன், மாதத்துக்கு எத்தனை மதிப்புரைகள் எழுதுகிறேன், அவற்றை எங்கெல்லாம் வெளியிடுகிறேன், வலைப்பூவுக்கு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், எந்த வகையைப் படிப்பதில்லை என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதி, அண்மையில் எழுதிய இரண்டு மதிப்புரைகளின் சுட்டிகளையும் இணைத்தேன். அப்போது என் வலைப்பூவுக்கு மாதம் நானூறு பேர்தான் வந்துகொண்டிருந்தார்கள். அந்த எண்ணை மறைக்காமல் அப்படியே எழுதினேன். அதன் பிறகு முதலில் கேட்ட மூன்றில் இரண்டு கிடைத்தன.

மறுமொழி, யாழ்ப்பாணம்

அக்கா சொன்னவற்றோடு நாட்டு உரிமை பற்றியும் சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஓராண்டு காலம் நான் என்னையே குறைத்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எனது விகிதம் தொண்ணூறுக்கு மேல், குறிப்பும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. இருந்தும் அமெரிக்கப் பதிப்பகங்களிடம் கேட்ட புத்தகங்கள் ஒவ்வொன்றாக மறுக்கப்பட்டன. என் எழுத்துத்தான் போதவில்லைப் போலும் என்று எண்ணி, பழைய மதிப்புரைகளை எல்லாம் மீண்டும் திருத்தி எழுதக்கூடத் தொடங்கினேன். பிறகு ஒரு மறுப்புக் கடிதத்தின் கீழே காரணங்களாகக் கொடுக்கப்பட்டிருந்த நான்கைந்து வரிகளை நிதானமாகப் படித்தபோதுதான், உங்கள் நாட்டுக்கு எங்களிடம் உரிமை இல்லாதிருக்கலாம் என்ற வரி கண்ணில் பட்டது.

ஒரே ஆங்கில நாவலை வட அமெரிக்காவில் ஒரு பதிப்பகமும், பிரித்தானியாவிலும் பொதுநலவாய நாடுகளிலும் வேறொரு பதிப்பகமும் வெளியிடுவது வழக்கம். இலங்கையும் இந்தியாவும் பெரும்பாலும் இரண்டாவது பங்கில்தான் வரும். அமெரிக்கப் பதிப்பகத்தார் விரும்பினாலும், எங்களுக்குத் தரும் உரிமை அவர்களிடம் இருக்காது. நெட்கேலிக்குப் பிரித்தானியத் தளம் தனியாக உண்டு. எனக்கு மறுக்கப்பட்ட அதே நாவல் அங்கே வேறு அட்டையோடு, வேறு பதிப்பகத்தின் பெயரில் இருந்தது. அன்றைக்கே விண்ணப்பித்தேன், நான்காம் நாள் ஒப்புதல் வந்தது.

ஆகவே ஒரு புத்தகத்தை மறுத்துவிட்டார்களென்றால், அதைத் தெற்காசியாவில் வெளியிடுபவர் யார் என்பதை முதலில் பாருங்கள். நாட்டை மாற்றிப் போட்டு விண்ணப்பிக்கலாமே என்று என் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அதை நான் செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். நம்மை நம்பித் தருபவரிடம் நாம் சொல்லும் முதல் செய்தியே பொய்யாக இருப்பது சரியல்ல.

மறுமொழி, முன்பு பதிப்பகத்தில் பணியாற்றியவர்

இந்தியாவிலுள்ள ஓர் ஆங்கிலப் பதிப்பகத்தின் விளம்பரப் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். விண்ணப்பங்களை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

மின்பிரதிக்கு அச்சுச் செலவு இல்லையே, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தளங்களில் புத்தகத்தை இடுவதற்குப் பதிப்பகம் கட்டணம் செலுத்துகிறது. கள்ளப் பிரதி வெளியே போய்விடுமோ என்ற அச்சம் எப்போதும் இருக்கும். இவற்றைக் காட்டிலும், வெளியீட்டு நாளை ஒட்டி எத்தனை மதிப்புரைகள் வந்தன என்று ஆசிரியரும் விற்பனைப் பிரிவும் எங்களைத்தான் கேட்பார்கள். நூறு பேருக்குக் கொடுத்துப் பத்துப் பேர் மட்டும் எழுதினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

காலையில் அலுவலகத்துக்கு வந்தால் நாற்பது ஐம்பது விண்ணப்பங்கள் வரிசையில் நிற்கும். ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது. அந்த ஒரு நிமிடத்தில் நான் பார்த்தவை நாடு, விகிதம், குறிப்பின் முதல் இரண்டு வாக்கியங்கள், வலைப்பூவில் கடைசிப் பதிவின் தேதி ஆகியவைதான். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். சுட்டியைச் சொடுக்கினால் பக்கம் திறக்காவிட்டாலோ, கடைசிப் பதிவு ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தாலோ மறுத்துவிடுவேன். ஒருமுறை, மாதம் இருநூறு பேர் மட்டுமே வரும் ஒரு வலைப்பூவில் எங்கள் ஆசிரியரின் முந்தைய மூன்று நாவல்களுக்கும் நீண்ட மதிப்புரைகள் இருந்ததைப் பார்த்தேன். அவருக்கு மின்பிரதி தந்ததுடன் அச்சுப் பிரதியையும் அனுப்பிவைத்தேன். எதிர்மறையான மதிப்புரை எழுதினால் அடுத்த முறை கிடைக்காது என்ற அச்சமும் பலரிடம் இருக்கிறது. காரணங்களோடு எழுதிய எவரையும் அதற்காக நான் விலக்கியதில்லை. வாங்கிக்கொண்டு மௌனமாக இருந்துவிட்டவர்களைத்தான் விலக்கினேன்.

இன்னொன்றை விடாமல் செய்யுங்கள். பிரதியை இலவசமாகப் பெற்றதை மதிப்புரையின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் வலைப்பதிவர்களும் இதைச் சொல்ல வேண்டும் என்றது. இந்தியாவில் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 சனவரியிலும் சமூக ஊடகங்களில் பரிந்துரை செய்வோருக்கான நெறிகளை வெளியிட்டன. இலவசமாகக் கிடைத்த பொருளும் அவற்றில் அடங்கும். ‘வெளியீட்டுக்கு முந்தைய மின்பிரதியைப் பதிப்பகம் தந்தது, கருத்துகள் என்னுடையவை’ என்ற ஒரு வரி போதும்.

மறுமொழி, புதிய உறுப்பினர்

வலைப்பூ தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. இப்போதே கேட்கலாமா, இன்னும் காத்திருக்க வேண்டுமா? தமிழில் மட்டும் எழுதுபவர்களுக்குத் தருவார்களா?

மறுமொழி, தொடக்கப் பதிவை எழுதியவர்

கேட்கலாம். ‘உடனே படிக்கலாம்’ என்ற பிரிவில் இருப்பவற்றுக்கு ஒப்புதலே தேவையில்லை. அங்கே உங்களுக்குப் பிடித்த வகையில் ஐந்தை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுக்கு எழுதி முடித்த பிறகே அடுத்ததை இறக்குங்கள். ஐந்தும் முடிந்தபின் மற்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். இரண்டாவது கேள்விக்குத் திருநெல்வேலி அண்ணன்தான் விடை சொல்ல வேண்டும்.

மறுமொழி, திருநெல்வேலி

தருவார்கள், தம்பி. எனக்குத் தந்திருக்கிறார்கள். மதிப்புரைக்குப் பிரதி கேட்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. மதிப்புரைக்கு நூல்களின் இரண்டு பிரதிகளை அனுப்ப வேண்டும் என்ற அறிவிப்பையும், ‘வரப்பெற்றோம்’ பகுதியையும் நம் இதழ்களில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அங்கே நூல் அச்சாகி வந்த பிறகே பிரதி வரும். அச்சுக்குப் போகும் முன்பே கொடுத்துப் படிக்கச் சொல்லும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் இன்னும் வேரூன்றவில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்கென்று டிசம்பர் கடைசிவரை அச்சகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

நான் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்படும் நாவல்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறேன். தளங்கள் வழியாக அல்லாமல் பதிப்பகங்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்புகிறேன். முதல் கடிதத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘மூல நாவலை இரண்டு முறை படித்திருக்கிறேன். மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டு ஏறத்தாழ ஆயிரம் சொற்களில் எழுத விரும்புகிறேன். மதிப்புரை தமிழில் இருக்கும். அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் உங்களுக்குத் தனியே அனுப்புவேன். வெளியீட்டு நாளுக்கு முன் வெளியிட மாட்டேன்.’ ஒரு வாரத்தில் பிடிஎஃப் கோப்பு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் என் மின்னஞ்சல் முகவரி குறுக்காக வெளிறிய எழுத்தில் பதிக்கப்பட்டிருந்தது. முதல் பக்கத்தில், இது திருத்தம் முடியாத மெய்ப்பு, அச்சுப் பிரதியோடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டக் கூடாது என்று எழுதியிருந்தது.

அந்த நிபந்தனையின் அருமை எனக்கு மூன்றாம் அத்தியாயத்தில் விளங்கியது. அந்தப் பெண் கிணற்றடியில் நின்றுகொண்டு, ஊரிலிருந்து வரும் தன் அத்தானுக்காகக் காத்திருக்கிறாள். மூலத்தில் ‘அத்தான்’ என்ற ஒற்றைச் சொல்லிலேயே இருவருக்கும் கல்யாணம் பேசியிருப்பது வாசகனுக்குத் தெரிந்துவிடும். மெய்ப்பில் அந்த இடத்தில் அண்ணனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருந்தது. இரண்டு அத்தியாயம் தள்ளி இருவருக்கும் திருமணம் நடக்கிறது. தமிழ் அறியாத வாசகர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று எண்ணிப் பார்க்கவே மனம் பதறியது. பின்னிணைப்பில் ஆடிப்பெருக்கு அக்டோபரில் வருவதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது.

மதிப்புரையில் இவற்றைக் குற்றமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. மெய்ப்பு என்று சொல்லித்தானே கொடுத்திருந்தார்கள்? பக்க எண், வரி எண், மூலத்தில் உள்ள சொல், அந்த உறவுமுறையின் விளக்கம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிப் பதிப்பகத்துக்குத் தனியே அனுப்பினேன். பதிப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டதாக ஒரு வரி பதில் வந்தது.

மூன்று மாதம் கழித்து நாவல் வெளிவந்ததும் கடையில் வாங்கி, முதலில் அந்தக் கிணற்றடிப் பக்கத்தைத் திறந்தேன். அண்ணன் போய், ‘அத்தான்’ என்ற சொல்லே ஆங்கில எழுத்தில் நின்றது. பின்னிணைப்பில் மட்டும் ஆடிப்பெருக்கு இன்னும் அக்டோபரில்தான் இருக்கிறது. அடுத்த அச்சில் மாற்றச் சொல்லி நேற்று மறுபடியும் எழுதியிருக்கிறேன்.