மூக்கு ஒப்பரேஷன் முடிந்து முதல் ஆறு வாரம்: முகம் பற்றிய பயங்கள்

மூக்கின் வடிவத்தை மாற்ற ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு, கொழும்பிலும் அயலிலும் வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் சொல்வது இது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் பேசுகிறவரின் வேலையும் ஊரும் இருக்கிறது.

வாட்டுத்தாதி, மருதானை

பிளாஸ்டர் கழற்றுவது அநேகமாக 7ஆம் நாள். அன்று கிளினிக்கில் கண்ணாடியைப் பார்த்ததும் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "மிஸ், நுனி இப்படி வானத்தைப் பார்த்து நிக்குதே, இனி இப்படியேதானா?" இல்லை. காலப்போக்கில் நுனி சற்று இறங்கும் என்று தெரிந்தே பல வைத்தியர்கள் அதைக் கொஞ்சம் உயர்த்தித் தைக்கிறார்கள். அதன் மேல் வீக்கம் ஏறியிருக்கிறது. டேப்பும் ஒரு வாரமாக மேல்நோக்கிப் பிடித்திருந்தது. மூன்றும் சேர்ந்த தோற்றம் அது. இறங்கி அமரச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை பிடிக்கும்.

இன்னொன்றை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் மறுநாள் காலை போன் அடிக்கும். பிளாஸ்டர் கழற்றிய நேரத்தில் மெல்லிசாகத் தெரிந்த மூக்கு அடுத்த ஓரிரு நாளில் பெருத்துவிடும். உள்ளே எதுவும் விலகவில்லை. அழுத்திப் பிடித்திருந்த பிளாஸ்டர் போனதும் திசுக்களில் நீர் மறுபடி சேருகிறது. அதற்காகத்தான் சிலருக்கு இரவில் டேப் ஒட்டச் சொல்வது. அரை அங்குல மைக்ரோபோர் போதும். மூக்குத்தண்டில் தொடங்கி, ஒரு துண்டின் மேல் அடுத்தது பாதி படியும்படி குறுக்காக ஒட்டிக்கொண்டு நுனிக்குச் சற்று மேல்வரை வாருங்கள். கடைசித் துண்டு நுனியைக் கீழிருந்து தாங்க வேண்டும். இழுத்து ஒட்டக் கூடாது. தோல் வெளிறினால் இறுக்கம் கூடிவிட்டது என்று அர்த்தம். காலையில் வெதுவெதுப்பான நீரால் நனைத்து ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். டேப் தேவையே இல்லாத மூக்குகளும் உண்டு, அதனால் வைத்தியர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கழற்றிய அன்று தோல் எண்ணெய் வடிந்து, வெள்ளையாக உரிந்து, கரும்புள்ளிகளோடு இருக்கும். ஒரு வாரம் கழுவாத தோல் வேறெப்படி இருக்கும்? மென்மையான சோப்பு நுரையை விரல்நுனியால் தடவிக் கழுவினால் சில நாட்களில் சரியாகும். நகத்தால் பிதுக்க வேண்டாம், நுனித்தோலில் அப்போது உணர்வு குறைவு. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது.

கண்ணைச் சுற்றிய கண்டல், மூக்கெலும்பை வெட்டி நகர்த்தியவர்களுக்குத்தான் அதிகம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஊதா நிறம் பச்சையாகி, மஞ்சளாகி, கன்னத்துக்கு இறங்கி 10 முதல் 14 நாளில் மறையும். கன்னத்துக்குப் பரவுகிறதே என்று பயப்படுகிறார்கள். இரத்தம் கீழ்நோக்கி வடிகிறது, அது நல்ல அறிகுறி. வெண்விழியில் சிவப்புத் திட்டு வந்தாலும் பார்வை தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும்.

காலையில் வீக்கம் கூடும், மாலையில் குறையும். ஒரு பக்கம் சரிந்து படுத்தால் அந்தப் பக்கம் பெருக்கும். "கோணிப்போச்சு" என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பக்கம் படுக்கிறீர்கள் என்பதைத்தான். இரண்டு மூன்று தலையணை வைத்து, தலை 30 பாகைக்குக் குறையாமல் உயர, மல்லாந்து படுக்க வேண்டும்.

பாமசிக்காரர், வெள்ளவத்தை

மூக்கைச் சுத்தம் செய்யும் உப்புநீரான சேலைன் பற்றி அதிகம் கேட்கிறார்கள். 0.9 வீத நோமல் சேலைன் 500 மில்லி போத்தலில் உப்பு 4.5 கிராம். வீட்டில் கலக்குவதென்றால் 250 மில்லி நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. நீரைக் குமிழி வரக் குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்த பிறகே கலக்க வேண்டும். குழாய் நீரை நேரே மூக்குக்குள் விடவே கூடாது. இங்கே கடையில் விற்கும் சாப்பாட்டு உப்பு அயடின் சேர்த்தது, சிலருக்கு எரியும். அதனால் போத்தல் வாங்குவதே வசதி. திறந்ததை 24 மணித்தியாலத்துக்குப் பிறகு வைத்திருக்க வேண்டாம். துளை ஓரத்துப் பொருக்கை சேலைனில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஊறவைத்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் விளிம்போடு நிறுத்துங்கள், உள்ளே விட வேண்டாம்.

ஐஸ் வைப்பது கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும். மூக்கின் மேல் அல்ல. துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், முதல் 48 மணித்தியாலத்துக்கு. துணி சொட்டி பிளாஸ்டர் நனைந்தால் அதன் பிடி தளரும்.

மூக்கு அடைப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் பெரியவர்கள் சித்தாலேப போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்த நேரத்தில் வேண்டாம். சூடு இரத்தக்குழாய்களை விரிக்கும், நின்ற இரத்தம் மறுபடி வரும், வீக்கமும் ஏறும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் இரண்டு வாரம் ஒதுங்கியிருக்கட்டும், உப்பு நீரைப் பிடித்துவைக்கும். கட்டைச் சம்பலும் அப்படியே, உறைப்பில் மூக்கு ஓடினால் சீறத் தோன்றும். மூக்குச் சீறுவது குறைந்தது இரண்டு வாரம் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

கண்ணாடிக்கடை, பம்பலப்பிட்டி

எலும்பு வெட்டப்பட்டிருந்தால் பிரேம் மூக்கில் அமர 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அதற்கிடையில் அமர்ந்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பு அழுந்தலாம், வீங்கிய தோலில் இரண்டு பக்கமும் குழி விழும். பார்வை அதிகம் குறைந்தவர்களுக்கு வில்லை பாரமாக இருப்பதால் இது இன்னும் முக்கியம். கொன்டாக்ட் லென்ஸ் பழக்கம் இருந்தால் கண் வீக்கம் வடிந்ததும் அதுவே நல்ல வழி.

இல்லாவிட்டால் பிரேமின் நடுப்பாலத்தில் டேப்பைச் சுற்றி மேலே இழுத்து நெற்றியில் ஒட்டலாம். மூக்குக்கும் பிரேமுக்கும் இடையே ஒரு கடதாசி தடையின்றிப் போய்வர வேண்டும். கொழும்பு வியர்வையில் மத்தியானத்துக்குள் டேப் வழுக்கிவிடும், மாற்று டேப் பையில் இருக்கட்டும். புரோகிரெசிவ் வில்லை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிரேம் உயர்ந்ததும் வில்லையின் கீழ்ப்பகுதி கண்ணுக்கு நேரே வந்துவிடும், படி இறங்கும்போது தரை மங்கும். அந்த வாரங்களுக்கு ஒரு பழைய தூரப்பார்வைக் கண்ணாடி பாதுகாப்பானது.

ஸ்டூடியோ, கொட்டாஞ்சேனை

கையை நீட்டி எடுத்த செல்பியை வைத்து மூக்கை அளக்காதீர்கள். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 30 சென்ரிமீற்றரிலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 1.5 மீற்றரிலிருந்து எடுத்ததைவிட ஏறத்தாழ 30 வீதம் கூடத் தெரியும். லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் பாகம் மூக்குத்தானே. வேறொருவரை 1.5 மீற்றர் தள்ளி நின்று சூம் செய்து எடுக்கச் சொல்லுங்கள். அதே சுவர், அதே ஜன்னல் வெளிச்சம், அதே நேரம், வாரத்துக்கு ஒருமுறை போதும். நேர், இரு பக்கவாட்டு, இரு முக்கால் பார்வை, கீழிருந்து ஒன்று. அடையாள அட்டை, பாஸ்போட் படங்களை முடிந்தால் மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

மணப்பெண் அலங்காரம், தெஹிவளை

கல்யாணத் திகதி குறித்துவிட்டு ஒப்பரேஷன் செய்கிறவர்கள் இடையில் மூன்று மாதமாவது விடவேண்டும், ஆறு மாதம் இன்னும் நல்லது. கண்டலை மறைக்க நம் நிறத்துக்குச் செம்மஞ்சள் கரெக்டர் முதலில், அதன் மேல் கன்சீலர். வெறும் கன்சீலர் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். தையல் எடுத்த இடம் முழுதாக மூடும்வரை அதன் மேல் எதுவும் வேண்டாம். எஸ்பிஎப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் கட்டாயம். காலி வீதியில் பத்து நிமிட வெயிலே கண்டல் இருந்த இடத்தைக் கருக்க வைக்கலாம்.

வாட்டுத்தாதி, மருதானை

பஸ்ஸையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அலுவலக நேரத்து 100ஆம் இலக்கத்தில் நின்றபடி போனால் யாராவது ஒருவருடைய முழங்கை முகத்தில் படும். ஆறு வாரம் அந்த நேரத்தைத் தவிருங்கள். முகம் மூடும் ஹெல்மெட்டும் அப்படித்தான், போடும்போதும் கழற்றும்போதும் நுனியில் உரசும்.

தோற்றத்தைப் பற்றிய பயத்தில் பார்க்கத் தவறுவது வேறு அறிகுறிகளை. இரண்டு துளையும் சேர்ந்து முற்றாக அடைத்து, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் மூக்கு நடுச்சுவரில் இரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே வடிக்காவிட்டால் ஓரிரு நாளில் குருத்தெலும்பு அழுகி மூக்குத்தண்டு பள்ளமாகிவிடும். முன்குனிந்து அமர்ந்து 15 நிமிடமாகியும் நிற்காத இரத்தம், பார்வை மங்குதல், நுனித்தோல் கருநீலமாக மாறுதல், குனியும்போது தண்ணீர்போல் சொட்டுவதோடு தலையிடி: இவை எதற்கும் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். தேசிய வைத்தியசாலை விபத்துச் சேவை இரவிலும் திறந்திருக்கும்.

காய்ச்சல் 38 பாகை தாண்டினால் தொற்று என்று மட்டும் நினைக்க வேண்டாம், கொழும்பில் டெங்குவையும் நினைக்க வேண்டும். டெங்குவில் இரத்தத்தை உறையவைக்கும் தட்டுக்கள் குறைந்தால் புண்பட்ட மூக்கிலிருந்து இரத்தம் எளிதில் வரும். பனடோல் மட்டும் போடுங்கள், வளர்ந்தவர்களுக்கு 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் தொடக் கூடாது. இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது ஒப்பரேஷன் செய்த திகதியைச் சொல்லுங்கள்.

உளவளத்துணை, பொரளை

முதல் இரண்டு வாரத்தில் மனம் தாழ்வது பலருக்கு நடக்கிறது. மயக்கமருந்து, தூக்கமின்மை, வாயால் மூச்சு, வீட்டுக்குள் அடைபட்டிருப்பது எல்லாம் சேர்ந்தது அது. வீக்கம் வடிய வடிய இலேசாகும். வீட்டார் "இன்னும் வீங்கித்தான் கிடக்கு" என்று காலையும் மாலையும் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி. ஆனால் நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நிற்பது, மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, வெளியே போகவே மறுப்பது என்று வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது மூக்கின் பிரச்சினை அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே அழையுங்கள்.

வாட்டுத்தாதி, மருதானை

சிரிப்பு ஏன் மாறித் தெரிகிறது, முழு வீக்கமும் எப்போது வடியும் என்று கேட்டிருந்த இரண்டுக்குப் பதில். மேலுதடு விறைத்து, சிரிப்பு மாறித் தெரிவது உதட்டுக்கும் மூக்கடிக்கும் இடையிலுள்ள வீக்கத்தால், சில வேளை அங்குள்ள சிறு தசையை வெட்டியதால். பெரும்பாலும் வாரங்களில், சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் இயல்பாகும். நுனித்தோல் தடித்தவர்களுக்கு முழு வீக்கமும் வடிய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். திருத்த ஒப்பரேஷன் பற்றி 12 மாதத்துக்கு முன் வைத்தியர்கள் பொதுவாகப் பேசாததும் அதனால்தான்.

மூக்குத்தி: ஒப்பரேஷனுக்கு முன் கழற்றியதை நீங்களாகத் திரும்பப் போட முயலாதீர்கள். துளை சுருங்கியிருக்கும், தள்ளினால் உள்தையலில் குத்தும். கவ்விப் பிடிக்கும் கிளிப் மூக்குத்தியும் வேண்டாம், அது பக்கக் குருத்தெலும்பை அழுத்தும். அடுத்த கிளினிக்குக்கு மூக்குத்தியைக் கையோடு கொண்டுவாருங்கள், வைத்தியர் துளையைப் பார்த்துச் சொல்வார்.