சிறு நிரல்மொழிக்கு ஒரு சோதனைச் சட்டகம்: எவை இருந்தால் போதும்?

பாளையங்கோட்டை ஆசிரியர் (கேள்வி)

வணக்கம். பள்ளி மாணவர்கள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழகுவதற்காக, தமிழ்ச் சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட சிறு மொழி ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதிய இன்டர்பிரட்டராக (நிரலைப் படித்து அப்படியே இயக்கும் மென்பொருளாக) உருவாக்கி வருகிறேன். மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு, பட்டியல் ஆகியவை மட்டுமே அதில் உண்டு. பிழையைப் பிடித்துக் கையாளும் வசதியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். தொடக்க நிலை மாணவர்களுக்கு அது பெரும் சுமை. எழுதிய நிரல் சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சோதனைக்கென்று 'சரிபார்' என்ற ஒரே கட்டளை இருக்கிறது. கொடுத்த நிபந்தனை பொய்யானால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

வகுப்புப் பயிற்சிக்காகத் தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, ஒரு பட்டியலாக்கிச் சில சோதனைகள் எழுதச் சொன்னேன். முதல் சோதனை தவறியதும் மற்றவை ஓடாமலே நின்றுவிடுகின்றன. 'பொய்' என்பதற்கு மேல் திரையில் எதுவும் வருவதில்லை. ஒரு சோதனை பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்துப் பார்த்தால், அடுத்த சோதனைக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது கிடைக்கிறது. சோதனைகளைத் திரட்டி ஓட்டி முடிவை அறிவிக்கும் சட்டகம் ஒன்று வேண்டும். ஆனால் ஜாவா மொழிக்கான ஜேயூனிட் போன்ற பெரிய சட்டகங்களில் உள்ள அனைத்தையும் கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. ஒரு மாணவர் ஒரே வகுப்பு நேரத்தில் முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டும். தவிர்க்கவே முடியாதவை எவை? பிழை பிடிக்கும் வசதி மொழியில் இல்லாமல் இது இயலுமா?

அம்பாசமுத்திரம்

இயலும் ஐயா. பிழையைப் பிடிக்க வேண்டியது உங்கள் இன்டர்பிரட்டர். மாணவர் எழுதும் மொழிக்கு அந்தத் திறன் தேவையில்லை. 'சோதனை_' என்று தொடங்கும் செயற்கூறுகளை இன்டர்பிரட்டரே கோப்பில் உள்ள வரிசையில் திரட்டி, ஒவ்வொன்றையும் பைத்தானின் பிழைப்பிடிப்புக்குள் வைத்து ஓட்டினால், ஒன்று தவறினாலும் மற்றவை தொடர்ந்து ஓடும். மொழியின் இலக்கணத்தில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படிப் பிடிக்கும்போது மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுங்கள். 'சரிபார்' பொய்யானால் சோதனை தவறியது. சுழியால் வகுத்தது போன்ற பிழையால் நின்றால் சோதனை முறிந்தது. உங்கள் இன்டர்பிரட்டருக்குள்ளேயே பிழை எழுந்தால் அதைத் தனியாக, வேறு சொற்களில் அறிவியுங்கள். கருவியின் குறையைத் தன் குறையென்று எண்ணி ஒரு பிள்ளை மணிக்கணக்கில் தேடக் கூடாது. இதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

ஒன்பதாகிப்போன பட்டியலுக்கும் வழி எளிது. கோப்பை ஒருமுறை மட்டும் பகுத்துக்கொண்டு, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் மாறிகள் எதுவும் இல்லாத புதிய சூழலில் மேல்மட்ட வரிகளை (எந்தச் செயற்கூறுக்குள்ளும் அடங்காதவற்றை) மீண்டும் இயக்குங்கள். ஜேயூனிட் ஒவ்வொரு சோதனைக்கும் வகுப்பின் புதிய பொருளை உருவாக்குவதும் ஒன்றின் எச்சம் மற்றொன்றைத் தொடாதிருக்கத்தான். இதைச் செய்துவிட்டால் முன்னேற்பாட்டுக்கும் துடைத்தெடுப்புக்கும் தனிச் செயற்கூறுகள் வேண்டியதில்லை. மேல்மட்டத்தில் உள்ளீடு கேட்கும் வரி இருந்தால் அது ஒவ்வொரு முறையும் கேட்கும் என்பதால், சோதனைக் கோப்பில் அத்தகைய வரிகளைத் தடுத்துவிடலாம்.

மேலும் ஒன்று. ஒரே பெயரில் இரண்டு சோதனைகள் இருந்தால் பின்னது முன்னதை ஓசையின்றி அழித்துவிடும். பகுக்கும்போதே அதைப் பிழையென்று நிறுத்துங்கள்.

கல்லிடைக்குறிச்சி

அம்பை அண்ணாச்சி கூறியவற்றை ஏற்கிறேன். நான் செய்தியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மாணவர் கண்ணில் படுவது அதுதான்.

'சமம்', 'பெரிது', 'உள்ளது' என்று புதுப்புதுக் கட்டளைகளைச் சேர்க்காதீர்கள். 'சரிபார்' உங்கள் மொழியின் கட்டளை என்பதால், அதன் பின்னால் வரும் கோவையின் (கணக்கிட வேண்டிய தொடரின்) அமைப்பு இன்டர்பிரட்டருக்குத் தெரியும். அது ஓர் ஒப்பீடாக இருந்தால் இரு பக்கங்களையும் தனித்தனியே கணக்கிட்டு, வரி எண்ணையும் வரியையும் இரு மதிப்புகளையும் அச்சிடலாம். பைத்தானுக்கான பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியும், 'சரிபார்' போன்ற அசர்ட் கூற்றை உள்ளுக்குள் மாற்றி எழுதித்தான் மதிப்புகளைக் காட்டுகிறது. உங்கள் மாணவருக்கு இப்படித் தெரிந்தால் போதும்:

வரி 14: சரிபார் நீளம்(அணைக்கட்டுகள்) == 8
இடப்பக்கம்: 9
வலப்பக்கம்: 8

தமிழ்ச் சரங்களில் இதுவும் போதாது. 'கோடைமேலழகியான்' என்பதன் முதல் எழுத்தையே பாருங்கள். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் அந்த 'கோ' 2965, 3019 என்ற இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். ககரத்தை அடுத்து ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்து 2965, 3015, 3006 என்ற மூன்று குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. பழைய கோப்பிலிருந்து பெயரை ஒட்டிய மாணவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோலவே தோன்றும் ஒரு தோல்விச் செய்தி வந்தால், அவர் கணினியின் மீதே நம்பிக்கை இழந்துவிடுவார். ஆகவே நிரலையும் உள்ளீட்டையும் படிக்கும்போதே பைத்தானின் யூனிகோட்டேட்டா நூலகத்தைக் கொண்டு ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள். அதன் பிறகும் 'மௌனம்' என்பதை எகரக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதினால் அது வேறு சொல்லாகவே நிற்கும், ஒரே வடிவுக்கு மாற்றும் எந்த முறையும் அதைச் சேர்க்காது. எனவே இரு சரங்கள் சமமாக இல்லாதபோது, முதலில் வேறுபடும் இடத்தையும் அங்குள்ள குறியெண்களையும் செய்தியில் காட்டுவது நல்லது.

பாளையங்கோட்டை ஆசிரியர்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அடுத்த பயிற்சியில் பாபநாசம் அணையிலிருந்து வெளியேறும் நீரைக் கணக்கிடப் போகிறோம். தசம எண்களை ஒப்பிட 'ஏறத்தாழச் சமம்' என்று ஒரு கட்டளை வேண்டுமா? மேலும், மாணவரின் சுழற்சி முடிவில்லாமல் ஓடினால் என்ன செய்வது?

தென்காசி

முதல் ஐயத்திற்கு: இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் ஐயா. 0.1 உடன் 0.2 கூட்டினால் 0.3 உடன் சமமாகாது என்பது உண்மையே. ஆனால் உங்கள் கணக்கை முழு எண்ணிலேயே போடலாம். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால், நாளுக்கு 86,400 விநாடி என்ற கணக்கில் 8,64,00,000 கன அடி. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. அந்த வகுத்தலை அச்சிடும் இடத்திற்குத் தள்ளிவிட்டால் சோதனைகளில் தசமமே வராது. எந்த அளவு பிழையைப் பொறுக்கலாம் என்பது தனிப் பாடம். அதைக் கற்பிக்கும் நாளில் அந்தக் கட்டளையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவதற்கு, நேர வரம்பு வைக்காதீர்கள். பள்ளியிலுள்ள பழைய கணினியில் தவறும் சோதனை உங்கள் மடிக்கணினியில் தேறிவிடும். இன்டர்பிரட்டர் உங்களுடையது என்பதால், இயக்கிய கூற்றுகளை எண்ணி ஒரு வரம்பைத் தாண்டியதும் 'முறிந்தது' என்று நிறுத்துங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே முடிவு கிடைக்கும். தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுக்கும் ஆழ வரம்பை நீங்களே வையுங்கள். பைத்தானின் இயல்பான வரம்பு 1000. மாணவரின் ஓர் அழைப்புக்குள் பைத்தானின் பல அழைப்புகள் அடங்குவதால் அது மிக விரைவில் தீர்ந்துவிடும்.

மேலே யாரும் குறிப்பிடாத ஒன்று: தொடக்கத்திலேயே மொத்தம் எத்தனை சோதனைகள் என்று அச்சிடுங்கள். 1987 இல் பெர்ல் மொழியின் சோதனைகளோடு பிறந்த டேப் (TAP) என்ற, சோதனை முடிவுகளை எழுதும் வெளியீட்டு முறை அப்படித்தான் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிக்கிறது. பாதியில் எல்லாம் நின்றுபோனாலும் ஓடாதவை எத்தனை என்பது தெரிந்துவிடும். ஒன்று தவறினாலும் வெளியேறு குறி (நிரல் முடியும்போது கணினிக்குத் தரும் எண்; சுழி என்றால் வெற்றி) சுழியாக இருக்கக் கூடாது. சோதனையே இல்லாத கோப்பைத் 'தேறியது' என்று அறிவிக்கவும் கூடாது. பெயரைச் 'சொதனை_' என்று தவறாக எழுதிய மாணவர் அதை நம்பிப் போய்விடுவார்.

வகுப்புக்குக் கொடுப்பதற்கு முன்னால், வேண்டுமென்றே தவற வேண்டியவையும் முறிய வேண்டியவையும் முடிவில்லாமல் சுழல வேண்டியவையுமாகச் சில சோதனைக் கோப்புகளை எழுதி, அவை அவ்வாறே அறிவிக்கப்படுகின்றனவா என்று பைத்தான் பக்கத்திலிருந்து சரிபாருங்கள். எல்லாமே தேறும் கோப்பை மட்டும் ஓட்டிப் பார்த்தால், தோல்வியைக் கண்டுகொள்ளாத சட்டகமும் அதில் தேறிவிடும்.