பொசிவா, கசிவா, பனிப்பா? பழைய காரின் எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு சொல் வேண்டும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்

அன்புடையீர், வணக்கம்.

மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காக, பழைய கார்களின் எஞ்சினிலிருந்து எண்ணெய் வெளியேறுவதைப் பற்றி நான்கு பக்கக் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.

எங்கள் பட்டறையில் பயிற்சிக்கென்று 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பூட்டிய அம்பாசடர் கார் ஒன்று இருக்கிறது. அதன் எஞ்சினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் விளிம்பு நெடுக எண்ணெய் படர்ந்து, புழுதி ஒட்டிக் கறுத்திருக்கிறது. ஆனால் இரவு முழுவதும் அடியில் விரித்து வைத்த செய்தித்தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை. அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் டிரெயின் போல்ட்டிலிருந்தோ (எண்ணெயை வடிக்கக் கழற்றும் திருகு) காலைக்குள் ஐந்தாறு சொட்டுகள் விழுந்துவிடுகின்றன. ஆங்கிலக் கையேடுகள் முதலாவதைச் ‘சீப்பேஜ்’ என்றும் இரண்டாவதை ‘லீக்’ என்றும் பிரித்துச் சொல்கின்றன. நான் இரண்டையும் ‘கசிவு’ என்றே எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர் ஒருவர், கசிவு என்றால் நிறுத்தியாக வேண்டும் என்று எண்ணி, டாப்பெட் கவரின் இரண்டு நட்டுகளையும் பலங்கொண்டு இறுக்கிவிட்டார். அது மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த மூடி. அடியில் இடைவெளியை அடைக்க இருப்பது கார்க் பேக்கிங். மூடி வளைந்து, பேக்கிங் பிதுங்கி, வெறும் ஈரமாக இருந்த இடம் சொட்டத் தொடங்கிவிட்டது. ஒரு சொல் குறைந்ததால் நேர்ந்த பழுது என்றே இதனைக் கருதுகிறேன். உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்

அன்புத் தம்பிக்கு,

‘கசிவு’ என்று நீங்கள் எழுதியதில் பிழையில்லை. அச்சொல்லை இரண்டாவது நிலைக்கும் நீட்டியதுதான் பிழை. கசிதல் என்பது மென்மையான வினை. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று திருஞானசம்பந்தர் பாடும்போது, முதலில் கசிவு, பிறகுதான் மல்குதல். உள்ளிருப்பது வெளியே தெரியத் தொடங்கும் நிலையே கசிவு. ஆகவே டாப்பெட் கவருக்குக் கசிவு; சம்ப்புக்கு ஒழுக்கு. ஓட்டைப் பானை ஒழுகும், கூரை ஒழுகும் என்று வீட்டில் சொல்லும் அதே சொல்தான். ‘ஒழுக்கம்’ என்பதும் இவ்வேரில் பிறந்ததே. ஒரே நெறியில் இடையறாது செல்வது ஒழுகல். எனவே விட்டுவிட்டு விழும் சொட்டுக்கும் ‘ஒழுக்கு’ பொருந்துமா என்று கேட்டால், எனக்கே சிறிது தயக்கம் உண்டு. ஆனால் கசிவை மட்டும் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சம்பந்தர் காலத்துக் கசிவு வேறு, செய்தித்தாளின் கசிவு வேறு. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பேரழிவை நாம் ‘விஷவாயுக் கசிவு’ என்றே எழுதி வருகிறோம். வினாத்தாள் வெளியானாலும் ‘கசிந்தது’ என்கிறோம். பதினெட்டு வயது மாணவரின் காதில் அச்சொல் ஆபத்தாகத்தான் ஒலிக்கும். நட்டை இறுக்கிய மாணவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

முதல் நிலைக்குப் ‘பொசிவு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘நெல்லுக் கிறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்’ என்பது பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரிந்த மூதுரை. வாய்க்கால் உடையவில்லை, நீர் பாய்ந்தும் போகவில்லை. ஆனாலும் கரையோரப் புல் நனைகிறது. கார்க் பேக்கிங்கின் ஓரத்தில் நடப்பதும் இதுவே. இலக்கணத்திலும் இடரில்லை: கசி, கசிவு என்பதுபோலப் பொசி, பொசிவு.

தஞ்சாவூரிலிருந்து, மீண்டும்

அம்மையார் எடுத்துக்காட்டிய பாடல் மிகப் பொருத்தமானது. ஆனால் செய்தித்தாளை அவர் சான்றாகக் காட்டினால், வேளாண்மைப் பொறியியல் துறையை நான் சான்றாகக் காட்டுவேன். மழைநீரைத் தேக்கி மெல்ல நிலத்துக்குள் இறங்க விடும் குட்டைக்குக் ‘கசிவுநீர்க் குட்டை’ என்றுதானே பெயர்? அதனைப் பழுதான குட்டை என்று எந்த உழவரும் எண்ணுவதில்லை. மென்மைப் பொருள் இன்னும் சாகவில்லை.

வேறொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ‘கண்கள் பனித்தன’ என்கிறோம். நீர் படர்ந்திருக்கிறது, துளி விழவில்லை. நம் தேவைக்கு இதைவிடத் துல்லியமான சொல் இல்லை: ‘எண்ணெய்ப் பனிப்பு’. ஆங்கிலத்திலும் இந்த நிலைக்கு அழுகையைக் குறிக்கும் ‘வீப்’ என்ற சொல் வழங்குவது, இரு மொழியாரும் ஒரே உவமையைக் கண்டதற்குச் சான்று. பனித்தலுக்கு நடுங்குதல் என்ற சங்ககாலப் பொருளும் உண்டு. எஞ்சினின் நடுக்கத்தால் இணைப்புகள் தளர்ந்து எண்ணெய் வெளிவருவதை எண்ணும்போது, இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து, பட்டறை நடத்துபவர்

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

‘பனிப்பு’ அழகான சொல். ஆனால் பட்டறைக்குள் வர இயலாது. கார் ஏசியின் குளிர்ச்சுருளில் பனி படிவதையும் இதே மாணவர்கள்தான் படிக்கிறார்கள். அங்கொரு பனி, இங்கொரு பனிப்பு என்றால் குழம்பிப் போவார்கள். எங்களிடம் வருபவர்கள் ‘ஆயில் லீக் ஆகுது’, ‘பேக்கிங் போயிடுச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். எந்தச் சொல்லை அச்சிட்டாலும், அந்த இரண்டு தொடர்களோடு போட்டியிட வேண்டியிருக்கும். ‘ஊறல்’ என்று யாரேனும் சொல்வதற்கு முன்பே என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அச்சொல்லைக் கேட்டதும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும்.

சொல்லைவிட என்னை வருத்துவது வேறொன்று. பொசிவு என்று பெயரிட்டுவிட்டால் அது தீங்கற்றது என்ற எண்ணமும் உடன் வந்துவிடும். பத்து இடத்தில் அது சரி. பதினோராவது இடத்தில் சரியில்லை. புகை வெளியேறும் மேனிஃபோல்டுக்கு மேலே படர்ந்த எண்ணெய் சொட்டாகத் திரளும் வரை காத்திருக்க முடியாது. சூட்டில் புகையும், தீப்பற்றவும் கூடும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கில் படிந்தால் ரப்பர் ஊதி இளகிப்போகும். இன்னொன்று: எண்ணெய் கீழ்நோக்கியும், வண்டி ஓடும்போது காற்றில் பின்நோக்கியும் செல்வதால், ஈரம் தெரியும் இடம் பிறந்த இடமாக இருப்பது அரிது. முதலில் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். அதைப் பார்க்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

என் வாக்கு பொசிவுக்கே. ‘பொசியுது’ என்று வாயில் எளிதாக வருகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, மோறிஸ் மைனர் வைத்திருப்பவர்

அன்புடையீர்,

எங்கள் ஊரில் ஒஸ்ரின், மோறிஸ் என்ற பழைய பிரித்தானியக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. போர்க்காலத்தில் எரிபொருள் தடை இருந்தபோது மண்ணெண்ணெயிலும் ஓடியவை அவை. என் மைனரின் ஏ வகை எஞ்சினில், சுழலும் முதன்மைத் தண்டான கிராங் தண்டின் பின்முனையில், இன்றைய கார்களில் உள்ளது போன்ற, எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீல் கிடையாது. தண்டில் திருகுபோல வெட்டிய வரிப்பள்ளம், அது சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் அந்தக் காவல் இல்லை. கிளச் பெட்டியின் அடியில் ஒரு துளையும், அது அடைபடாதிருக்க ஆடிக்கொண்டே தொங்கும் ஒரு கவட்டு ஊசியும் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வரும் என்று அறிந்தே செய்த ஏற்பாடு அது. இதனைப் பழுது என்று சொல்லும் எந்தச் சொல்லும் இந்தக் காருக்குப் பொருந்தாது. அந்த வகையில் பொசிவை வரவேற்கிறேன்.

ஆனால் ‘ஒழுக்கு’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பேச்சில் கூரையிலிருந்து ஆறுதலாக, மெதுவாக விழும் ஒற்றைத் துளியும் ஒழுக்குத்தான்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகம் செல்ல வேண்டியிருப்பதால் இவ்வாறு முடித்திருக்கிறேன். பொதுத் தலைப்பு ‘கசிவு’. அதன் கீழ் மூன்று நிலைகள். ‘பொசிவு’: ஈரம் உண்டு, ஓர் இரவில் தாளில் சொட்டு விழாது, துடைத்து, தேதி குறித்து, வாரம் ஒருமுறை எண்ணெய் அளவுக்குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு பார்க்கவும். ‘சொட்டு’: தாளில் சொட்டு விழும், இடத்தைக் கண்டறிந்து வாஷரையோ, பேக்கிங்கையோ, ஆயில் சீலையோ மாற்றவும். ‘ஒழுக்கு’: தாரையாக இறங்கும், எஞ்சினை இயக்கக் கூடாது. மேனிஃபோல்டுக்கு மேலுள்ள பொசிவு சொட்டுக்கு இணையாகக் கருதப்பட வேண்டும் என்ற கோவை நண்பரின் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து

தம்பி, கசிவைப் பொதுத் தலைப்பாக்கியதன் மூலம் செய்தித்தாளின் பொருளையே பாடநூலிலும் உறுதிசெய்துவிட்டீர்கள். பெரும்பான்மைக்குப் பணிகிறேன், ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, அச்சுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். ‘ஒழுக்கு: எஞ்சினை இயக்கக் கூடாது’ என்ற வரியை எங்கள் பிள்ளை ஒருவர் படித்தால், இரவில் விழுந்த மூன்று துளியைப் பார்த்துவிட்டுக் காரைத் தொடவே மாட்டார். தாரையாக இறங்குவதற்குப் ‘பாய்வு’ என்று போட முடியுமா? இன்றிரவு பதில் எழுதினால் போதும்.